ரசம் தண்ணீரில் சேர்த்தியில்லை

திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலை எட்டு மணிக்கு அந்த மனிதரை எடை மெஷினில் ஏற்றுவது என் வேலை. முள் நிற்கிற இடத்தைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

தில்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நான் நர்ஸாக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. அவர் மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒன்றரை வருஷமாக ஒரு சொட்டு மூத்திரம் கிடையாது. அதாவது, அவர் குடிப்பது எல்லாம் உள்ளேயே கிடக்கும், நான் மெஷினைப் போட்டு இழுக்கிறவரை. அவருடைய எடை அறுபத்திரண்டு கிலோ. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் இரண்டு கிலோ ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம். இவர் நாலரை ஏற்றிக்கொண்டு வருவார். நாலரை கிலோ என்றால் நாலரை லிட்டர். அது நுரையீரலுக்குள் புகுந்தால் ஆள் மூழ்கிப்போவார், கட்டிலில் உட்கார்ந்தபடியே.

அவருடைய மனைவி ஒரு சிறுநீரகம் கொடுப்பதாக ஏற்பாடு. பரிசோதனை எல்லாம் முடிந்து, ஐந்து மாதம் காத்திருந்து, ஜூன் முதல் வாரத்தில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருந்தது. பெரிய டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்: "அதற்குள் ஒரு தடவை நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டு சீரியஸாக வந்தால் எச்சரிக்கை. இரண்டாம் தடவை வந்தால் இந்தத் தேதி அடுத்த ஆளுக்குப் போய்விடும். உங்களுக்கு அடுத்தது எப்போது என்று என்னால் சொல்ல முடியாது."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த வியாழக்கிழமை நாலு கிலோ எழுநூறு கிராம்.

"என்ன குடிச்சிய?" என்றேன். நான் நாகர்கோவில்காரி. கோபம் வந்தால் எனக்கு மரியாதை வார்த்தை மட்டும்தான் மிச்சமிருக்கும், மரியாதை இருக்காது.

"முக்கா லிட்டர் தண்ணி. அதுக்கு மேல ஒரு சொட்டு குடிச்சா நாக்கு அழுகிப்போவும் சிஸ்டர்."

அவருடைய மனைவி பாட்டிலையே கொண்டுவந்து காட்டினாள். முக்கால் லிட்டருக்கு நகப்பாலிஷால் கோடு. காலையில் நிரப்புகிறாள், ராத்திரி அடியில் கொஞ்சம் மிஞ்சியும் இருக்கிறதாம். நான் அவளைப் பிடித்துக் கத்தினேன். "வீட்டுக்குள்ள என்ன நடக்குன்னு பாக்காம என்னக்கா செய்யுதிய?" அவள் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு என்னை யாராவது அறைந்திருக்க வேண்டும்.

அவர்களுக்கும் எங்களுக்கும் கிட்வாய் நகரில்தான் குவார்ட்டர்ஸ். நடுவில் ஒரு பார்க். அவர் தினம் மாலை வாக்கிங் போவார் என்று தெரியும். அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, ஒரு பையையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். நாற்பது வயதுப் பெண் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போவதை இரண்டு நாய்களும் ஒரு இஸ்திரிக்காரரும் பார்த்தார்கள்.

முதலில் கீழ்த்தளத்துக் கும்பகோணத்து மாமி வீடு. நான் ஜன்னல் கூலர் ஓரமாக நின்றேன்.

"வாங்கோ வாங்கோ. இந்த வெயில்ல நடக்கறேளே! அரை டம்ளர் காபி சாப்டுட்டுப் போங்கோ."

அவர் வெளியே வந்ததும் நான் உள்ளே போனேன். "மாமி, அவருக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஐயோ பகவானே, தண்ணியா? கேட்டாக்கூடக் குடுக்க மாட்டேன்டிம்மா. காபின்னா குடுத்தேன்!"

அடுத்து மாடியில் கோயம்புத்தூர்க்காரர்கள் வீடு. அந்த அம்மா ஒரு கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "ரசமுங்க சிஸ்டர். நல்லா மிளகு தட்டிப் போட்டு வெச்சது. மருந்துங்க அது. தண்ணியில சேர்த்தியில்லீங்க."

மூன்றாவது ஒரு பஞ்சாபி ஆன்ட்டி. அவருக்குத் தன்மேல் ரொம்பப் பெருமை. "பானி? பில்குல் நஹீ! மைனே தோ லஸ்ஸி பிலாயி." தண்ணீரா, கிடையவே கிடையாது, லஸ்ஸிதான் குடிக்க வைத்தேன் என்று சொல்லிக்கொண்டே எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார். கோபத்தில் தொண்டை காய்ந்திருந்தது. குடித்தேன்.

அதற்குள் அவரைக் காணவில்லை. பார்க்கைத் தாண்டி எங்கள் பக்கம் போவது தெரிந்தது. எந்த வீட்டுப் படியில் ஏறுகிறார் என்று பார்த்தேன். என் வீட்டுப் படியில்.

நான் மூச்சு வாங்க மேலே போனால், என் கணவர் உயரமான ஸ்டீல் கிளாஸில் விளிம்பு வரைக்கும் காபி ஊற்றி நீட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய முறுக்கு. உப்பு முறுக்கு! தாகம் எடுக்கட்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்ததுபோல. நான் மாதக்கணக்காகத் தேடிய நாலரை லிட்டரில் பெரிய பங்கு என் சமையலறையிலிருந்து போயிருக்கிறது.

"ஏட்டி, மார்க்கெட்டுக்குப் போகலியா?" என்றார் என் கணவர்.

"நீங்க மனுசனா? அவரு யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? உன் பேஷன்ட்டுதானே. வீட்டுக்கு வந்த மனுசனுக்கு ஒரு காபி குடுக்காம அனுப்புகதா? நீ எதுக்குக் கெடந்து சாடுக?"

செக்ஷன் ஆபீசர் அசையவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். "சிஸ்டர், இது நீங்க எழுதித் தந்ததுதான? 'வாட்டர், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்'. அத நான் மீறவே இல்ல. காபியப் பத்தி இதுல ஒரு வார்த்தை கிடையாது. இருபத்தாறு வருசமா ரூல் பாக்கேன். எழுதாதத எல்லாம் தடைன்னு எடுத்துக்கிட முடியாது."

என் கையெழுத்துதான். முறுக்குத் தட்டைத் தூக்கி எறியாததற்கு ஒரே காரணம், முறுக்கு என் அம்மா அனுப்பியது.

மறுநாள் நான் புது உத்தரவு எழுதினேன். 'வாயில் ஊற்றினால் வழிவது எல்லாம் தண்ணீர்தான். காபி, டீ, ரசம், சாம்பார், மோர், லஸ்ஸி, பாயசம் உட்பட.' பெரிய டாக்டரிடம் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் வாங்கினேன். செக்ஷன் ஆபீசர் அதை இரண்டு முறை படித்தார். பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த மூன்று வீட்டுக்கும் நானே போய் ஆளுக்கொரு நகல் கொடுத்தேன். நாலாவதை என் வீட்டு அடுப்புக்கு மேலே ஒட்டினேன்.

அடுத்த வியாழக்கிழமை மூன்று கிலோ தொள்ளாயிரம்.

"தர்பூசணி. அது பழம்லா? ஊத்துனா வழியாது. வேணும்னா ஊத்திப் பாருங்க."

முதல் திருத்தம் வெளியிட்டேன். அதற்கு அடுத்த வாரம் ஐஸ் கட்டி. கட்டியாக இருப்பது எப்படி வழியும் என்று கேட்டார். இரண்டாம் திருத்தம். டாக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "சிஸ்டர், நீங்கள் இங்கே ஒரு அமைச்சகமே நடத்துகிறீர்கள்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேதிக்கு நாலு வாரம்கூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய மனைவி எங்கள் கதவைத் தட்டினாள். போய்ப் பார்த்தால் மனிதர் படுக்க முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உதடு நீலம். மூச்சு கொரகொர என்று இரைகிறது. நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். வழியெல்லாம் என் கணவர், "நான் குடுக்கல, சத்தியமா நான் குடுக்கல" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.

அவசரமாக மெஷினைப் போட்டு நாலு லிட்டர் இழுத்தோம். மூச்சு அடங்கியதும் கேட்டேன். கீரா. பஸ் ஸ்டாப்பில் தோலைச் சீவி, நாலாகப் பிளந்து, உப்பும் மசாலாவும் தடவி விற்பார்களே, அந்த வெள்ளரிக்காய். சனிக்கிழமை மாலையும் ஞாயிறு காலையுமாகப் பதினொன்று.

"அது காய்கறி" என்றார், குரலே இல்லாமல்.

டாக்டர் வந்தார். இது முதல் தடவை, இன்னொரு தடவை வந்தால் தேதி போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மூன்றாவது திருத்தத்தை மனதுக்குள் எழுத ஆரம்பித்திருந்தேன்.

அவருடைய மனைவி கட்டிலின் கால்மாட்டில் வயர் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எங்கிட்ட ரெண்டு இருக்கு. அதுல ஒண்ண அறுத்து உங்களுக்குத் தாரேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்களால ஒரு வெள்ளரிக்காய விட முடியலியோ? அதுக்கும் சர்க்குலர் வரணுமோ?"

வார்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாத ஆட்களும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. நான் வெளியே போய் நின்றேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது என்னிடம் மாஸ்க் கேட்டார். எதற்கு என்றேன்.

"நடக்காம இருக்க முடியாது சிஸ்டர், பைத்தியம் பிடிச்சிரும். நடந்தா கூப்பிடுதாங்க. கூப்பிட்டா எனக்கு வேண்டாம்னு சொல்ல வரல. வாய மூடிக்கிட்டுப் போனா விட்டுருவாங்கள்லா?"

ஒரு பெட்டி கொடுத்தேன். அவர் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. பச்சை மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் தினமும் நடந்தால் காலனி என்ன நினைக்கும்? டி.பி. என்று நினைத்தது. கோயம்புத்தூர் அம்மா பால்கனியிலிருந்து உள்ளே போய்விட்டார். பஞ்சாபி ஆன்ட்டி தூரத்திலிருந்தே கும்பிட்டார். கும்பகோணத்து மாமி என்னிடம் ரகசியமாக வந்தார். "ஏன்டிம்மா, அது ஒட்டிக்குமோ?"

நர்ஸ் அப்படிச் சொல்லக் கூடாது. சொன்னேன். "எதுக்கும் பக்கத்துல போகாதீங்க மாமி."

"பதினாலு வருசம் பழகுன ஆளுங்க" என்று அவர் மெஷினில் படுத்துக்கொண்டு புலம்பினார். "என்னப் பாத்ததும் கதவச் சாத்துதாங்க."

"நல்லா சாத்தட்டும்" என்றேன். அன்றைக்கு ஒரு கிலோ எண்ணூறு. அடுத்த முறை ஒன்று அறுநூறு. அப்புறம் தேதி வரைக்கும் இரண்டைத் தாண்டவில்லை.

ஆபரேஷன் அன்று எனக்கு டயாலிசிஸ் பிரிவிலேயே வேலை. மூன்று மணிக்கு ஓடிப் போய்க் கண்ணாடி வழியாக அவர் கட்டிலில் தொங்கிய பையைப் பார்த்தேன். வெளிர் மஞ்சளாக நிறைந்துகொண்டிருந்தது. அங்கிருந்த நர்ஸ் விரலைக் காட்டினாள்: காலி பண்ணியதையும் சேர்த்து நாலு லிட்டர். பத்து வருஷம் பார்த்த வேலைதான். ஆனாலும் ஒரு மூத்திரப் பையைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

பெண்கள் வார்டில் அவருடைய மனைவி அரை மயக்கத்தில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டது ஒரே வார்த்தை. "வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. பை பத்தாது, பக்கெட் வைக்கணும்."

"சிரிக்க வைக்காதீங்க பாவி, தையல் பிரிஞ்சிரும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் மாமியிடம் சொன்னேன். டி.பி. இல்லை என்பதையும் அப்போதுதான் சொன்னேன். இரண்டு நிமிஷம் என்னைத் திட்டிவிட்டு உள்ளே போனவர், அரை மணி நேரத்தில் ஒரு பாத்திரம் கேசரியோடு வந்து மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் கரண்டியால் வைத்தார். பஞ்சாபி ஆன்ட்டி கையை நீட்டியபடி, என்ன சந்தோஷம் என்று இந்தியில் கேட்டார்.

"நீயே சொல்லுடிம்மா. நேக்கு அந்த வார்த்தை வாயில வராது."

சொன்னேன். படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி. "அங்கிள் கா பேஷாப் ஆ கயா!" அங்கிளுக்கு மூத்திரம் வந்துவிட்டது என்று.

மேலே கோயம்புத்தூர் அம்மா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார். "எவ்வளவுங்க?"

"நாலு லிட்டருங்க!"

அந்த அம்மா கைதட்டினார். பஞ்சாபி ஆன்ட்டி இரண்டு கையையும் மேலே தூக்கிக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். என்னைத் தேடி வந்த என் கணவர் மட்டும் உள்ளங்கையில் கேசரியை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"மூத்திரத்துக்குக் கேசரின்னு சொன்ன பொறவு எப்படிட்டி எறங்கும்?"

பிடுங்கி நானே தின்றேன்.