எடை பார்த்த இடத்தில்

என் மகளுக்குக் கார் நிக்கோபார் தீவில் ஒப்பந்த வேலை கிடைத்தது. கடல் சரியில்லாமல் கப்பல் தள்ளிப் போனதால் ஹெலிகாப்டரில் இடம் வாங்கினோம். அதில் பெட்டியை மட்டும் நிறுப்பதில்லை, ஆளையும் நிறுப்பார்கள். அவள் ஏறி நின்றாள். எடை பார்த்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "மேடத்துக்கு தோ டிக்கெட் லகேகா" என்றார். ஒரு ஆளுக்கு இரண்டு டிக்கெட் வேண்டுமாம். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். முகம் சுளித்தால் இடம் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கினாள்.

சின்ன வயதிலிருந்தே அவள் பருமன். லம்பா லைன் பகுதியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "மாப்பிள்ளை அப்புறம் தேடலாம், முதல்ல சோத்தைக் குறைங்கக்கா" என்பார்கள். அதைக் கேட்டு, அவள் தட்டில் வைத்த சோற்றை நானே திருப்பி எடுத்திருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து லீவில் வந்தவள், "அம்மா, நான் முருகனுக்கு விரதம் இருக்கேன்" என்றாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. செவ்வாய், கிருத்திகை, சஷ்டி என்று ஆரம்பித்தது. போகப்போக, அவள் லீவில் வரும்போதெல்லாம், எந்த நாள் விரதம் இல்லை என்றே தெரியவில்லை. தலை வாரினால் முடி கொத்தாக வந்தது. சாமிக்கென்று இருந்தால் உடம்பு வாடத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயிலில் ஒருத்தி கேட்டாள், "பொண்ணு பாதியாயிட்டாளேக்கா, எந்த டாக்டரு?"

"டாக்டரா? எல்லாம் அப்பன் முருகன்தான்" என்றேன், பெருமையாக.

கந்த சஷ்டி ஆறாம் நாள், தீபாராதனை நேரம். மணி அடிக்கும்போது அவள் உடம்பு ஆடியது. கண் மேலே செருகி, அப்படியே சரிந்தாள். "அருள் வந்திருக்கு, யாரும் தொடாதீங்க" என்றாள், அன்று டாக்டர் யாரென்று கேட்ட அதே பெண். நெற்றியில் திருநீறு பூசினார்களே தவிர, ஒருவரும் தண்ணீர் கொடுக்கவில்லை. பெற்ற தாய் நான், விழுந்து கிடந்த பிள்ளை முன்னால் மண்டியிட்டுக் கைகூப்பி, "முருகா, ஏதாவது சொல்லுப்பா" என்று கேட்டேன்.

உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"அங்க எல்லாரும் சிரிச்சப்போ நீயும் சிரிச்சியேம்மா."

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி, பிறகு மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். விரதம் என்று சொன்னால் நான் சாப்பிடச் சொல்ல மாட்டேன் என்றுதான் அப்படிச் சொன்னாளாம். அவள் சம்மதத்தோடு டாக்டரம்மா என்னிடம் சொன்னார்.

வேலை போய்விட்டது. இப்போது மூன்று வேளையும் அவளோடு நானும் உட்காருகிறேன். அரை இட்லி உள்ளே போக அரை மணி நேரம் ஆகிறது. கல்யாணமான நாளிலிருந்து விடாத சஷ்டி விரதத்தைப் போன மாதம் விட்டேன். விளக்கேற்றி முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அவளிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால், "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.