வாய் திறக்காத விரிசல்

செண்பகனூர் ஜோசப்பினுக்கு மதகு வேலை, கணவன் ஆக்னல் மஞ்சள் காமாலையில் இறந்த பிறகு வாரிசு முறையில் கிடைத்தது. வில்பட்டிக்கு மேலே, காட்டை ஒட்டிய சின்ன நீர்த்தேக்கம். “தனியா இருப்பீங்களாம்மா?” என்று அலுவலகத்தில் கேட்டார்கள். “பஸ் இருக்குல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

மரை போட்ட கனத்த இரும்புத் தண்டு ஒன்று மேடையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும். அதன் அடியில் தண்ணீரை அடைக்கும் இரும்புப் பலகை, ஷட்டர். மேடைமேல் இருக்கும் சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றினால் தண்டு ஷட்டரைத் தூக்கும். மறுபக்கம் சுற்றினால் அழுத்தி இறக்கும். காலையில் தோட்டங்களுக்குத் திறப்பாள், சாயங்காலம் மூடுவாள். அடியில் வண்டல் சேர்ந்திருந்ததால் மூடுவதுதான் பெரும்பாடு. முழு உடம்பையும் சக்கரத்தில் சாய்த்தாக வேண்டும்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் தண்டுக்குள்ளிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல. ஆக்னலுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை. மூடுபனிக்குள் தண்ணீர் ஷட்டரை இடிக்கும்போதெல்லாம் மெல்ல அரைத்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவள் பை, குடை எல்லாவற்றையும் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் வெள்ளனே வந்து பார்த்தபோது, தண்டின் மேல்பகுதியில் மரை இடுக்கிலிருந்து சிவப்புப் பொடி கசிந்திருந்தது. துடைத்தாள். அடுத்த நாளும் இருந்தது.

வாய்க்காலில் கேரட் கழுவ வரும் சின்னத்தாயி அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். “கன்னிமாரு குங்குமம் தாயி. தொடச்சிராத.”

“துருவா இருக்கும் அக்கா.”

“துரு இம்புட்டு மாவா வருமா?”

சின்னத்தாயி தினமும் இரண்டு பூ வைத்தாள். ஜோசப்பின் அவற்றை எடுக்கவுமில்லை, அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவுமில்லை.

அவள் சொல்லியனுப்பி, திண்டுக்கல்லிலிருந்து சுசித்ரா என்ற இளம் பொறியாளர் வந்தாள். தண்டில் சிவப்பு மையைப் பூசித் துடைத்து, வெள்ளை மாவைத் தெளித்துப் பார்த்தாள். விரிசல் இருந்தால் உள்ளே போன மை வெளியே வந்து கோடு காட்டும். ஒன்றும் காட்டவில்லை. ஜோசப்பினுக்கு அதுதான் பயமாக இருந்தது. அப்படியானால் உள்ளே அரைப்பது எது?

சுசித்ரா அந்தப் பொடியை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். “மூடியிருக்கப்ப தண்டு நசுங்கிக்கிட்டு நிக்குதுக்கா. விரிசல் இருந்தாலும் வாய இறுக்கி மூடிக்கும். ஆனா முறுக்க முறுக்க, ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு உரசி, இந்த மாவ உதுத்துக்கிட்டே வளரும். ஷட்டரத் தூக்கினா அது எடையே தண்ட இழுத்து வாயத் தொறக்க வைக்கும். கொஞ்சம் தூக்கிப் பாப்போம்.”

ஷட்டரைத் தூக்கினார்கள். தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. மறுபடி மை பூசினாள். இந்த முறை வெள்ளை மாவில் ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்து, தண்டைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. கழுத்தில் கயிறு கட்டியதுபோல.

“இனி தொடாதீங்க,” என்றாள் சுசித்ரா. “புதுத் தண்டு வர்ற வரைக்கும் இப்படியே கெடக்கட்டும்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் கீழே அலறல் கேட்டது. பனியில் எதுவும் தெரியவில்லை. ஜோசப்பின் படியிறங்கி ஓடினாள். வாய்க்காலில் சின்னத்தாயியின் கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. தண்ணீர் அவள் மார்பைத் தாண்டியிருந்தது. கேரட்டுகள் அவளைச் சுற்றி மிதந்தன.

“தண்ணிய நிறுத்து தாயி! வெரசா!”

ஜோசப்பின் மேலே ஏறி வந்து சக்கரத்தைப் பிடித்தாள்.

“அக்கா, பாதியில ஒடிஞ்சா ஷட்டர் அப்படியே நின்னுரும்!”

“நின்னா நிக்கட்டும். சுத்தாம இருந்தா அவ போயிருவா.”

சுசித்ரா ஒரு கணம்தான் தயங்கினாள். பிறகு எதிர்ப்பக்கத்தில் நின்று தானும் தள்ளினாள். இருவருடைய எடைக்கும் தண்டு முனகியது. சிவப்புப் பொடி இருவர் கைகளிலும் உதிர்ந்தது. ஷட்டர் தரையைத் தொட்ட அதிர்வு காலில் தெரிந்த மறுகணம் படாரென்ற சத்தம். பிடிப்பு விட்டுச் சக்கரம் சும்மா சுழன்றது. இருவரும் மேடையில் விழுந்தார்கள்.

வாய்க்கால் வடிந்தது. சின்னத்தாயி கால் எலும்பு முறிந்து, உயிரோடு கிடந்தாள்.

மறுநாள் ஆட்கள் மேல்துண்டைக் கழற்றிப் போட்டார்கள். ஜோசப்பின் குனிந்து உடைந்த முகத்தைப் பார்த்தாள். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத்தான் சொரசொரப்பான புது இரும்பு. இத்தனை நாளும் தாங்கியது அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் உரசி உரசிக் கண்ணாடியாகியிருந்தது. அதில் தன் முகம் தெரிந்ததும் சட்டென்று நிமிர்ந்துகொண்டாள்.

புதுத் தண்டு வந்த பிறகு, இடமாற்றம் கேட்டு வாங்கி ஊருக்குள் வந்துவிட்டாள். இப்போது கொடைக்கானல் அலுவலகத்தில் தபால் பிரிக்கிறாள். டவுன் பஸ்ஸில் எவ்வளவு கூட்டமானாலும் இரும்புக் கம்பியைப் பிடிப்பதில்லை. வளைவுகளில் தடுமாறி யார்மேலாவது சாய்ந்துவிட்டு, “மன்னிச்சிக்கோங்க” என்கிறாள். கண்டக்டர் தினமும் திட்டுகிறார்.