அப்பாவின் அழைத்தல்

இன்று ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் கிரீஸ் வாடை மூக்கில் ஏறியதும், நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்தது. நைட் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வரும் அப்பா, பின்பக்கக் குழாயடியில் மண்ணெண்ணெய் தொட்டுக் கை கழுவி, அப்படியும் நக ஓரத்தில் தங்கிவிட்ட கறுப்போடு, நடக்க முடியாத என் தம்பி அருளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகுதான் படுப்பார். அதற்காகவே நைட் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையிலும் அருள் அவர் மடியில்தான் இருப்பான்.

அப்படி ஒரு ஞாயிறு, பங்குச் சாமியார் கடவுள் சிலரைச் சாமியாராக அழைக்கும் குருத்துவத்தைப் பற்றிப் பேசிவிட்டு, "இறையழைத்தல் இருக்கறவங்க கை தூக்குங்க" என்றார். இரண்டு பையன்களோடு அப்பாவும் கை தூக்கினார். கோவிலே திரும்பிப் பார்த்தது. அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உங்களுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே" என்று சாமியார் சிரித்தார்.

"ஆமாங்க சாமி. இவனுக்கு அப்பாவா இருக்கத்தான் என்னக் கூப்பிட்டாரு."

சாமியார் பிறகு சிரிக்கவில்லை. பூசை முடிவில் அந்தப் பையன்களுக்குச் செய்ததுபோலவே அப்பாவின் தலையிலும் கை வைத்து ஜெபித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முன்னாலிருந்து அருள் கேட்டான்: "கடவுள் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணும் கேக்கலடா. நீதான் அழுதுகினு இருந்த. வந்து தூக்கினேன்."