அக்கா சைக்கிளுக்கு மோட்டார் மாட்டிய வாரம்

அக்காவுக்கு இலவச சைக்கிள் வந்தபோது நான் பொறாமைப்படவே இல்லை. சத்தியமாக. பிளஸ் ஒன் சேர்ந்தால் எல்லோருக்கும்தான் கொடுக்கிறார்கள், எட்டாவது படிக்கும் எனக்கும் மூன்று வருடத்தில் வரும் என்று பெரிய மனதோடு விட்டுவிட்டேன். ஆனால் ஓசூரில் வேலை பார்க்கிற மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கி, "மேடு ஏறும்போது புள்ளைக்கு மூச்சு வாங்குதாமே, கரண்டு மோட்டார் மாட்டிடலாம்" என்றாரே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கென்று கொண்டுவந்தது அரைக்கிலோ மிக்சர்.

எங்கள் ஊரிலிருந்து ஏரியூர் பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். நடுவில் இரண்டு பெரிய மேடு. அப்பாவுக்கு ஏரியூரில் உரக்கடையில் வேலை என்பதால் முன்பெல்லாம் எங்கள் இரண்டு பேரையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போவார். நாங்கள் வளர வளர வண்டி மூன்று பேரை இழுக்க முடியாமல் முனக ஆரம்பித்தது. சைக்கிள் வந்ததும் அக்கா அதற்கு மாறிக்கொண்டாள், அப்பாவுக்குப் பின்னால் நான் மட்டும்.

மாமா வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வாசலில் கூட்டம். மாமா சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, நடுவில் தட்டு மாதிரி மோட்டார் வைத்த புதுச் சக்கரத்தை எடுத்தார். அதன் அச்சு எங்கள் சைக்கிளின் ஃபோர்க்கில் இறங்குவேனா என்றது. அரத்தை வைத்து ராவு ராவு என்று ராவினார். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். பேட்டரிப் பையைக் கேரியரில் கட்டி, ஒயரையெல்லாம் இழுத்துச் செருகி முடிப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது. பைக்குள் இருந்த மஞ்சள் பிளக்கை என்னிடம் காட்டி, இதைப் பிடுங்கினால் மொத்தமும் செத்துப்போகும், கையை வைத்தாய் என்றால் முதுகுத்தோல் உரிந்துவிடும் என்றார் மாமா. அவர் காட்டாமலேயே இருந்திருக்கலாம்.

அம்மா ஹேண்டில்பாரில் மஞ்சள் குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டி, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மாமா ஏறி உட்கார்ந்து கைப்பிடியை ஸ்டைலாக முறுக்கினார். சைக்கிள் எலுமிச்சம்பழத்தைத் தொடக்கூட இல்லை. விர்ரென்று பின்னாலேயே போய், பெரியம்மா சுமந்துகொண்டிருந்த தண்ணீர்க் குடத்தில் மோதி நின்றது. ஒயர் வெளியே வருகிற பக்கத்தை மாற்றி மாட்டிவிட்டார் மாமா. அதனால் மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது.

பெரியம்மா அதையெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. "பழம் நசுங்கவே இல்ல பாருங்க. யாரோ கண்ணு வெச்சிட்டாங்க!" என்றாள் நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே.

காலையிலிருந்து அந்தச் சக்கரத்தை வைத்த கண் வாங்காமல் முறைத்துக்கொண்டிருந்தது யார் என்று எனக்குத்தானே தெரியும். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துவந்து அக்காவையும் சைக்கிளையும் சுற்றினாள். நான் ஓரமாக நகரப் பார்த்தேன். "நீயும் வாடி" என்று இழுத்து நிறுத்தி எனக்கும் சேர்த்துச் சுற்றினாள். மிளகாய் அடுப்பில் நெடியே இல்லாமல் எரிந்தது, திருஷ்டி பலமானதுதான் என்றார்கள்.

மாமா சக்கரத்தைத் திருப்பி மாட்டினார். இந்தத் தடவை பழம் நசுங்கியது. என் கண்ணுக்கு இருந்த சக்தி அவ்வளவுதான்.

அந்த வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். மொபெட் முக்கி முக்கி மேடு ஏறும்போது அக்கா மிதிக்காமலே, காலை ஆட்டாமலே, எங்களைத் தாண்டிப் போவாள். "பாரு, எப்படிப் போறா!" என்பார் அப்பா. அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்கு வயிறு பற்றி எரியும். பள்ளிக்கூடத்தில் அவளைச் சுற்றி ஒரு கும்பல். டீச்சர்கள்கூட வந்து பார்த்தார்கள். இவ்வளவு கிடைத்தும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இல்லை. திமிர்தான், வேறென்ன?

வெள்ளிக்கிழமை காலை அக்கா உள்ளே சடை பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணால் முடியாததைக் கையால் செய்தேன். மஞ்சள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் முகம் கழுவுகிற மாதிரி நின்றேன்.

அக்கா வந்து முறுக்கினாள். வண்டி நகரவில்லை. பையைத் திறந்தாள். பிளக் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது, நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. போச்சு, முதுகுத்தோல் போச்சு என்று நினைத்தேன். அக்கா அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "ஓடல ப்பா. என்னன்னு தெரியல" என்றாள்.

ஐயோ சாமி! இயற்பியலில் முதல் மார்க் வாங்குகிறவள், கண்ணெதிரே தொங்குகிற பிளக்கைச் செருகத் தெரியவில்லை! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவளுக்கு அன்றைக்குப் பரீட்சை. நேரமாகிவிட்டது என்று அப்பா அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். என்னை சைக்கிளை மிதித்துக்கொண்டு வரச் சொன்னார். தெரு முனையில் அவர்கள் மறைந்ததும் பிளக்கைச் செருகினேன். சாயங்காலம் வீட்டில், தானாகவே சரியாகிவிட்டது என்று கூசாமல் சொன்னேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"அவளே ஓட்டட்டும் ப்பா. எனக்கு அத முறுக்கினா கை வலிக்குது."

கை வலிக்கிறதாம்! இப்படி ஒரு ஏமாளியா என்று எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. அந்த இரக்கம் ராத்திரி சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. சைக்கிள் இனி என்னுடையது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் அப்பா வீட்டில் வாயே திறக்க மாட்டார். சோறு, தண்ணி, விளக்கை அணை, அவ்வளவுதான். வண்டியில் ஏறினால்தான் அவருக்குப் பேச்சு வரும். உரக்கடைக்கு வருகிற ஆட்களைப் போலவே பேசிக்காட்டுவார். யூரியாவை முகர்ந்து பார்க்கிற பெரியவர், கன்னடத்தில் விலை கேட்டுத் தமிழில் திட்டுகிறவர் என்று ஏரியூர் வரைக்கும் ஓடும். நான் அதையெல்லாம் அவர் முதுகில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் கேட்டவள்.

திங்கட்கிழமை இரண்டாவது மேட்டில் அவர்களைப் பிடித்தேன். அப்பா தலையை லேசாகத் திருப்பி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பெல்லை அடித்துக்கொண்டு பக்கத்திலேயே போனேன். இரண்டு பேருமே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு என் மேல் எவ்வளவு பொறாமை இருந்தால் இப்படிப் பார்க்காத மாதிரி நடிப்பாள் என்று நினைத்துக்கொண்டு, கைப்பிடியை இன்னும் கொஞ்சம் முறுக்கி, அவர்களைத் தாண்டிப் போனேன்.