சின்னம்மாவைப் பார்த்துச் சிரித்தவன்

என் மூத்த மகன் நெடுநாள் சத்தமாகச் சிரிக்கவில்லை. முகம் பார்ப்பான், உதட்டைக் கோணுவான், அவ்வளவுதான். ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளாக நாங்கள் இருந்த லயத்தில் அவனோடு பிறந்த பிள்ளைகள் எல்லாம் கெக்கெக்கே என்று சிரிக்கத் தொடங்கியிருந்தன. இவன் மட்டும் கணக்குப்பிள்ளை மாதிரி எல்லாரையும் உற்றுப் பார்த்தபடி கிடப்பான். "புள்ளைக்குக் காது கேக்குதான்னு பாரு" என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்துக் காம்பராவில் என் கொழுந்தனும் அவன் பெண்சாதியும் குடியிருந்தார்கள். அவள் எனக்கு ஓரகத்திதான். ஆனால் அக்கா, அக்கா என்று கூடப்பிறந்தவளைப் போல ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. அந்த மழைக்காலத்தில் அட்டை கடித்த இடம் புண்ணாகிக் கால் வீங்கிப்போனதால், அவள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். நான் மலைக்குப் போகும்போது பிள்ளையை அவள் மடியில் விட்டுவிட்டுப் போவேன்.

ஒருநாள் உச்சிவேளையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே பாதையைப் பார்த்தேன். அவள் புண்காலை இழுத்து இழுத்து, பிள்ளையைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தாள். முதுகுக் கூடையோடு இறங்கி ஓடினேன்.

"என்னடி, புள்ளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. சிரிச்சுட்டான். சத்தமாச் சிரிச்சுட்டான்."

கங்காணி அங்கே வந்துவிட்டார். "இதச் சொல்லவா இந்தக் காலோட இம்புட்டுத் தூரம் வந்த?"

"ஆமாங்க" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு.

மகனோ வழக்கம்போல எங்களைப் பார்த்து முழித்தான். கூடச் சேர்ந்து நின்ற பெண்கள் அவனைக் கொஞ்சிப் பார்த்தார்கள், நாக்கைச் சொடுக்கிக் காட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, போர்த்தியிருந்த கம்பளியை உருவி இரண்டு கையாலும் ஓங்கி உதறினாள். படாரென்று சத்தம். மழைத்தண்ணீர் எங்கள் முகத்தில் எல்லாம் தெறித்தது. மகன் திடுக்கிட்டான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். அந்தக் குலுக்கல் என் நெஞ்சில் மோதியது இன்னும் நினைவிருக்கிறது. அவள் மறுபடி உதறினாள், அவன் மறுபடி சிரித்தான். "போதும்மா, விக்கிக்கப்போவுது" என்றார் கங்காணி. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அதன் பிறகு கொஞ்ச காலம் இரண்டு காம்பராவிலும் அந்தச் சத்தம்தான். என்னைக் கண்டும் சிரிப்பான். ஆனால் அவளைக் கண்டால் சிரிக்கிற சிரிப்பு வேறு. எனக்கு அதில் குறை இருந்ததில்லை.

கொழுந்தனுக்கும் கங்காணிக்கும் ஒத்துப்போகவில்லை. ஹல்துமுல்லைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் வேலை பேசிவைத்துவிட்டு, திடீரென்று ஒருநாள் பெண்சாதியோடு புறப்பட்டான். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வெளியே தள்ளியே நின்றாள்.

"புள்ளைய ஒரு தடவ தூக்கிட்டுப் போடி."

"வேணாக்கா. தூக்குனா எறக்க மாட்டேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மகன் பல நாள் பக்கத்துக் காம்பராக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டான்.

அவன் ஓடியாடும் வயதில் பதுளைக் கோயில் திருவிழாவில் அவளைக் கண்டோம். இன்னும் மெலிந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, "வாய்யா, சின்னம்மாகிட்ட வா" என்று கையை நீட்டினாள். அவன் அழுதுகொண்டே என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தான். நான் பிடித்து முன்னால் தள்ளப் பார்த்தேன்.

"விடுங்கக்கா. சின்னப்புள்ள, அவனுக்கு எப்புடித் தெரியும்" என்றாள். வாங்கி வைத்திருந்த பொரி உருண்டையை அவனிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தாள். அன்று முழுக்க எங்கள் கூடவே சுற்றினாள். அவனைத் தொடவே இல்லை. மெல்ல மெல்லப் பழகிக்கொள்வான், அடுத்த திருவிழாவுக்குள் சரியாகிவிடும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த திருவிழாவுக்கு அவள் இல்லை. காய்ச்சலில் போய்விட்டாள். சேதி வந்து சேர்ந்தபோது கருமாதிகூட முடிந்திருந்தது.

மகனுக்கு இப்போது பிள்ளை பிறந்திருக்கிறது. அது சிரிக்கத் தொடங்கிய அன்று இந்தக் கதையை அவனிடம் சொன்னேன்.

"சின்னம்மா எப்புடிம்மா இருப்பாங்க?" என்று கேட்டான்.

கருப்பு, ஒல்லி, நெற்றியில் பச்சை குத்தியிருப்பாள் என்றேன்.

"அப்புடித் தோட்டத்துல எத்தனையோ பேரு இருக்காங்களே" என்றான்.