தம்பிக்காக இளைத்தவள்

சிறுநீரகம் கொடுக்கிறேன் என்று சூர்யகலா சொன்னபோது, வீட்டில் யாரும் அவளிடம் இரண்டாம் முறை கேட்கவில்லை. அவள் தம்பி சதீஷுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போவான். ஊசி குத்திய கையோடு திரும்பி வந்து சுருண்டு படுப்பான். அவன் பார்த்துவந்த எலக்ட்ரீஷியன் வேலையும் நின்றுபோயிருந்தது. அக்காவின் ரத்த வகை சேர்ந்தது, மற்றப் பரிசோதனைகளும் ஒத்துவந்தன. எல்லா ரிப்போர்ட்டையும் புரட்டிப் பார்த்த டாக்டர் அவளுடைய எடையில் வந்து நின்றுவிட்டார். இந்த உடம்போடு ஆபரேஷன் செய்வது அவளுக்கே ஆபத்து, மிஞ்சும் ஒரு சிறுநீரகத்துக்கும் பின்னால் பாரமாகிவிடும் என்றார். பன்னிரண்டு கிலோவாவது குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்.

சூர்யகலாவுக்கு நாற்பத்தொரு வயது. உப்பைப் பாக்கெட்டில் அடைக்கும் கம்பெனியில், சீல் வைக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவோடு உப்பளத்தில் கூடை சுமந்தவள்தான். உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்ததும் அதிர்ஷ்டக்காரி என்றார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய உடம்பு இறங்கவேயில்லை. அதை அவள் குறையாக நினைத்ததும் இல்லை. இப்போதோ தன் உடம்பே தம்பியின் வழியை மறித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

மறுநாளே சோற்றை விட்டாள். காலையில் டீ, மாலையில் பிஸ்கட். ஒரு வாரம் தாங்கவில்லை. கம்பெனி ஷெட்டில் மயங்கி மூட்டைகள்மேல் சாய்ந்தாள். அத்தோடு, போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து எடை குறைக்கும் பவுடர் ஒன்றையும் வரவழைத்து வைத்திருந்தாள். அந்த டப்பா சதீஷ் கண்ணில் பட்டுவிட்டது. அவன் கத்தவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல என்ன கலந்திருக்குதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதைக் குடிச்சு உன் கிட்னியும் போச்சுன்னா, அப்புறம் நாம ரெண்டு பேரும் ஒண்ணா பஸ் ஏற வேண்டியதுதான்க்கா" என்றான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவனே டயட்டீஷியன் பிரியதர்ஷினியிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் சூர்யகலாவை ஆன்லைனில் எடை குறைக்கும் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். தினமும் சாப்பிட்டதை ஒரு ஆப்பில் பதிய வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீடியோவில் கூடிப் பேச வேண்டும். சேர்ந்த அன்றே பிரியதர்ஷினி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பட்டினி கூடாது, மாதத்துக்கு இரண்டு கிலோ இறங்கினாலே போதும்.

வீட்டில் டவர் சரியாகக் கிடைக்காது. பிள்ளைகள் எதிரில் எடையைச் சொல்லவும் கூச்சம். அதனால் புதன்கிழமைகளில் போனை எடுத்துக்கொண்டு உப்பளத்து வரப்புக்குப் போய்விடுவாள். கேமராவை அணைத்துவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மற்றவர்கள் பேசுவதைக் கேட்பாள். பொம்மையார்பாளையத்தில் ஆட்டோ ஓட்டும் ஜெயசீலன், சவாரிக்குக் காத்திருந்த நேரத்தில் பரோட்டாவை உள்ளே தள்ளிவிட்டதை ஒளிக்காமல் சொல்வார். அவளுக்குச் சிரிப்பு வரும். ஒரே இடத்தில் நின்றால் கொசு பிடுங்கியதால் நடந்துகொண்டே கேட்டாள். பிறகு மற்ற நாட்களிலும் வேலை விட்டதும் அதே வரப்பில் ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

முதலில் கொஞ்சம் இறங்கிய எடை, அப்புறம் அசையாமல் நின்றது. பிரியதர்ஷினி தனியாக அவளைக் கூப்பிட்டார். ஆப்பில் பதிவதை நம்புவதாகச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு உட்காராமல் நின்ற வாக்கில் எதையாவது வாயில் போடுகிறாளா என்று கேட்டார். பிள்ளைகள் மீதம் வைத்த இட்லி, பானையின் அடிச்சோறு, ஷெட்டில் டீயோடு வரும் பஜ்ஜி எல்லாம் சூர்யகலாவின் நினைவுக்கு வந்தன.

"தட்டுல போட்டுக்கிட்டாத்தானே மேடம் சாப்பாடு? மீந்த சோத்தை எப்படிக் கொட்டுறது?"

"கொட்ட வேணாம்க்கா. உலை வைக்கும்போதே ஒரு ஆழாக்கு அரிசியைக் குறைச்சுப் பாருங்க."

அன்றைய உலையில் அரிசி குறைந்ததைக் கணவன் அறிவழகன் கவனித்துவிட்டான். உப்பளத்தில் நாளெல்லாம் உப்பு வாருகிறவன். உன் டயட்டை என் வயிற்றில் கட்டாதே என்று முகத்தைச் சுளித்தான். அவன் பங்கில் ஒரு பருக்கைகூடக் குறையவில்லை, குறைந்தது தான் நின்றுகொண்டு தின்னும் பங்குதான் என்று அவள் விளக்கினாள். சில நாட்கள் கழித்து, சாப்பிட்டு எழுந்ததும் அவனே மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தான். காலையில் பழையசோறாக அதை அவனே குடித்துவிட்டுப் போனான். அவள் தட்டிலும் சோறு சிறுத்து, கீரையும் குழம்பு மீனும் பெருத்தன. பஜ்ஜி வாரத்துக்கு ஒன்று என்றானது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அளங்களில் தண்ணீர் நின்றது, வரப்பு சேறானது, கம்பெனியில் வேலையும் குறைந்தது. போதாததற்கு சதீஷுக்குக் காய்ச்சல் கண்டு, கிருமித்தொற்று என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில், பயம் வரும்போதெல்லாம் சூர்யகலா கேன்டீனுக்குப் போனாள். பூரி, வடை, இனிப்பான டீ. இறங்கியதில் மூன்று கிலோ திரும்ப ஏறிவிட்டது. அதை எந்த முகத்தோடு சொல்வது என்று புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினாள்.

ஜெயசீலனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "சிஸ்டர், நானும் ஏறிட்டேன். ஏறினவங்க ரெண்டு பேரா இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும். வாங்க."

அந்தப் புதன்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி முதல்முறையாகக் கேமராவைப் போட்டாள். எடை ஏறியதைச் சொன்னாள். யாருக்காகக் குறைக்கிறாள் என்பதையும் சொன்னாள். அதுவரை குழுவில் ஒருவருக்கும் அது தெரியாது. ஆளுக்கொரு யோசனை வந்தது. கேன்டீனுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே டிபன் கட்டிவரச் சொன்னார் ஒருவர். பயம் வந்தால் தனக்குப் போன் போடச் சொன்னார் இன்னொருவர். ஆஸ்பத்திரி மாடிப்படியை வரப்பாக நினைத்துக்கொள்ளச் சொன்னார் பிரியதர்ஷினி. படி ஏறி இறங்கிய முதல் நாள் முட்டி வலித்தது. போகப் போகப் பழகிவிட்டது.

சதீஷ் தேறி வீடு திரும்பினான். பொங்கல் கழிந்து அளங்களில் மறுபடி பாத்தி கட்டினார்கள். அவளும் வரப்புக்குத் திரும்பினாள். பழைய ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. சித்திரையில் டாக்டர் புது ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, இப்போது செய்யலாம் என்றார். அவர் கேட்டதைவிட ஒரு கிலோ குறைவாகத்தான் இறங்கியிருந்தது, அதை அவர் பெரிதுபடுத்தவில்லை. சூர்யகலா வெளியே வந்து, அறிவழகனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆபரேஷன் ஆனி மாதத்தில் நடந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நடக்க முடிந்ததும், நர்ஸின் கையைப் பற்றியபடி தம்பி இருந்த அறையின் கண்ணாடி வரைக்கும் போனாள். உள்ளே அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கிட்னி கெட்டதிலிருந்து சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு அதுவும் நின்றுபோனவன். அக்காவைக் கண்டதும் போனை எடுத்து அவள் கையிலிருந்த போனுக்கு அழைத்தான்.

"யூரின் பை நெறஞ்சிடுச்சுக்கா. ரெண்டு வாட்டி மாத்திட்டாங்க" என்றான், பரீட்சை மார்க்கைச் சொல்வதுபோல.

சிரித்தால் தையல் வலித்தது. ஆனாலும் அவளால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.