தனசேகருக்குக் கேட்க வேண்டிய கிட்டார்

தனசேகருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, ஒரு பாறை. சத்தீஸ்கரில் ஒரு நெல்வயல் ஓரத்தில் போர்வெல் துளை போட்டுக்கொண்டிருந்தபோது அடியில் கல் மாறியது. கல் மாறினால் சத்தம் மாறும். ரிக் வண்டியில் டிரில்லராகவே பாதி ஆயுளைக் கழித்த ஆளுக்கு அது தன் பிள்ளையின் இருமலைப்போலத் தூக்கத்தில்கூடத் தெரிந்துவிடும். அன்றைக்குத் தெரியவில்லை. துளைக்குள் ராடு போய் இறுகிக்கொண்டது. கூட இருந்தவர்கள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். அவர் பாட்டுக்கு லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

திருச்செங்கோட்டில் ரிக் தொழிலுக்குப் போனவர்களில் காது மந்தமாகாதவர் யார்? கம்ப்ரசர் பக்கத்தில் நின்று நின்று எல்லோருக்கும் கத்திப் பேசித்தான் பழக்கம். டீக்கடையில் இரண்டு டிரில்லர்கள் நலம் விசாரித்துக்கொண்டால் சண்டையோ என்று வெளியூர்க்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். அதனால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளி அவரை வண்டியிலிருந்து இறக்கி, ஷெட்டில் ராடுகளுக்குக் கிரீஸ் போடும் வேலையைக் கொடுத்துவிட்டார். அவர் மனைவி ராசாத்திக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு காது டாக்டரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

நரம்பு தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். மெல்லிய சத்தங்கள் ஏற்கெனவே போய்விட்டன, கனமான சத்தங்கள் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும், பிறகு அதுவும் போகும். எப்போது என்று சொல்ல முடியாது. காதில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்த மாதிரி இருந்தது என்று அதைக் கழற்றிப் பெட்டியிலேயே போட்டுவிட்டார் தனசேகர்.

பேச்சு கேட்காமல் போவதைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. ஊர்ப் பேச்சில் பாதி கேட்காமல் இருப்பதே நிம்மதி என்றுகூடச் சொன்னார். கவலையெல்லாம் கிட்டாரைப் பற்றித்தான்.

மழைக்காலத்தில் ரிக் வண்டி வயலுக்குள் இறங்காது. முகாமில் படுத்துக்கிடக்க வேண்டியதுதான். மற்றவர்கள் சீட்டுக்கட்டை எடுத்தார்கள், சிலர் பாட்டிலை எடுத்தார்கள். தனசேகர் ராய்ப்பூர் கடைவீதியில் ஒரு கிட்டாரை வாங்கினார். ஏன் வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, மழைக்கு மழை வாசித்துக் கற்றுக்கொண்டார். மேடை ஏறியதில்லை. கல்யாண வீட்டில் வாசித்ததில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் இயந்திரத்தின் இரைச்சலில் நின்ற மனிதருக்கு, தானே உண்டாக்கிய சத்தம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

இப்போது அந்தக் கிட்டாரில் காதை ஒட்டி வைத்தாலும் மெல்லிய தந்திகள் விரலில் உறைக்கின்றனவே தவிர, காதில் விழவில்லை. மட்டரகப் பிளைவுட் வேறு. தடித்த தந்திகளும் தூரத்து லாரியைப்போல முனகின. முழுசாக அடைத்துப்போவதற்குள் ஒரு நல்ல கிட்டாரைத் தன் கையால் வாசித்துத் தன் காதால் கேட்டுவிட வேண்டும். அந்த ஒரு ஆசைதான் அவரைச் சேலத்துக்கு பஸ் ஏற்றியது.

கோட்டைப் பக்கத்துச் சந்து ஒன்றில் நசுருல்லாவின் பட்டறை இருந்தது. அவருடைய அப்பா கட்டிலும் பீரோவும் செய்தவர். நசுருல்லா சிறு வயதிலேயே பெங்களூர் போய், ஒரு கிட்டார்ப் பட்டறையில் சேர்ந்து வேலை பழகித் திரும்பியவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கிட்டார் வேண்டும் என்று யார் வந்தாலும் முதலில் வாசிக்கச் சொல்வார். வாசித்து முடிக்கும்வரை வாயே திறக்க மாட்டார். பிறகு வந்தவரின் கையைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் பேச்சு.

தனசேகர் வாசித்தார். நசுருல்லா கையைப் பிடித்துப் பார்த்தார்.

"எந்த மாதிரி வேணும், தம்பி?"

"ஏனுங்க?"

நசுருல்லா குரலை உயர்த்திக் கேட்டார். எதிர்க்கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"எனக்குக் கேக்கோணுமுங்க பாய்," என்றார் தனசேகர். "வேற ஒண்ணும் வேண்டாமுங்க. அழகு, பாலீசு ஒண்ணும் வேண்டாம். என்ற காதுக்குக் கேக்கோணும்."

இப்படி ஒரு ஆர்டர் நசுருல்லாவுக்கு அதற்கு முன் வந்ததில்லை. தாடியைத் தடவினார். பிறகு உள்ளே போய் மேல் பலகைக்கான மரத்துண்டுகள் சிலவற்றை எடுத்துவந்தார். கிட்டாரில் சத்தம் பிறப்பது இந்த மேல் பலகையில்தான் என்றார். வழக்கமாகப் பலகையை இரண்டு விரலில் தொங்கவிட்டு, முட்டியால் தட்டி, காதால் கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே அது எப்படி நடக்கும்? நசுருல்லா பலகையின் விளிம்பைத் தனசேகரின் தாடை எலும்பில் வைத்துத் தட்டினார். ஒவ்வொன்றாக வைத்துத் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு அகலமான தேவதாருப் பலகைக்குத் தனசேகரின் முகம் மாறியது.

"இதுங்க, இதுங்க பாய்! பல்லு வரைக்கும் வருது!"

"இதுல பெரிய வயிறு வெச்சுச் செய்யலாம். கனமான சத்தம் நல்லா வரும்," என்று நசுருல்லா காதருகே கத்தினார். "ஆனா பலகை இன்னும் காயல. தானா காயணும். பொங்கல் வரைக்கும் பொறுக்கணும்."

பொறுக்க வேண்டுமாம். யாரிடம் போய் எதைச் சொல்கிறார்! புரட்டாசி முடிவதற்குள் தனசேகருக்கு வாசல் கேட்டின் கிறீச்சு போயிற்று. ஐப்பசியில் குக்கர் விசில் போயிற்று. ராசாத்தி கத்திக் கத்திக் குரல் கம்மிப்போனாள். காலையில் எழுந்ததும் பழைய கிட்டாரை மடியில் போட்டு ஒவ்வொரு தந்தியாகத் தட்டி, இன்று எது மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது அவருக்கு வேலையாகிவிட்டது. பார்த்துவிட்டு எழுந்து போகிற முகத்தைப் பார்க்க ராசாத்திக்குப் பயமாக இருக்கும்.

வாரம் தவறாமல் பட்டறைக்குப் போனார். பலகை கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. "ஈரக் காத்து, தம்பி. என்னால ஒண்ணும் செய்ய முடியாது," என்று நசுருல்லா கையை விரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் தனசேகருக்கு அந்த யோசனை வந்தது. வேறு ஊர்க்காரருக்கு வந்திருக்காது. ராசாத்தியின் தம்பி மணிமாறன் நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு சேகோ ஆலையில் வேலை பார்க்கிறான். மரவள்ளிக் கிழங்கின் பாலிலிருந்து எடுக்கிற ஜவ்வரிசியை அங்கே களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற ஜவ்வரிசி, ஒரு நல்ல வெயிலில் சாயங்காலத்துக்குள் கலகலவென்று உருளும். கிழங்கையும் மஞ்சளையும் காயவைத்தே பிழைக்கிற சீமை இது. ஒரு பலகை காயாதா?

நசுருல்லா உறவில் ஒரு கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருந்தார். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி கௌசியா கதவைத் திறந்தார்.

"பாய் பலகையைக் கொண்டுபோயிட்டு வரச் சொன்னாருங்க அக்கா. அளவு பாக்கோணுமுங்க," என்றார் தனசேகர்.

பச்சைப் பொய். கௌசியா கேள்வி எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போகாத எரிச்சலிலும், வாரா வாரம் வருகிற மனிதர்தானே என்ற நம்பிக்கையிலும், பலகையை அவிழ்த்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாள் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தனசேகருக்கு அது சாமியே சம்மதித்த மாதிரி இருந்தது. ஆலைக் களத்தின் ஓரமாக, சூடேறிய சிமெண்ட் தரையில் பலகையைப் போட்டுவிட்டு, கொட்டகை நிழலில் உட்கார்ந்தார். மணிமாறன் ஜவ்வரிசியைத் துழாவிக்கொண்டிருந்தான். "மாமா, இது சரியா வருமா?" என்று இரண்டு தடவை கேட்டான். அவருக்குக் கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தாரா, தெரியாது.

உச்சிவெயில் தாண்டியதும் மணிமாறன் திடுக்கிட்டுத் திரும்பினான். கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் களத்தின் ஓரத்துக்கு ஓடினான். தனசேகர் கொட்டகை நிழலில் முகத்தில் நிம்மதியோடு உட்கார்ந்திருந்தார். அவன் ஏன் ஓடுகிறான் என்று அவருக்குப் புரியவில்லை. எழுந்து போய்ப் பார்த்தார். பலகை வளைந்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பிளந்து கிடந்தது. அது வெடித்த சத்தம் ஆலை மோட்டாரையும் மீறிக் கேட்டதாம்.

அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் சுட்டதுகூட உறைக்கவில்லை. யாரையும் திட்ட முடியாது, எந்தச் சாமியையும் நோக முடியாது. தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார். மணிமாறன் தோளைப் பிடித்துத் தூக்கி நிழலுக்குக் கொண்டுவந்தபோது, "நீ கேட்டியா? எப்படிக் கேட்டுது? பலமாக் கேட்டுதா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பலகை தானாகப் போட்ட முதலும் கடைசியுமான சத்தம் அதுதான். அதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

பிளந்த பலகையை எடுத்துக்கொண்டு போய் நசுருல்லா முன்னால் வைத்தார். நசுருல்லா பலகையைப் பார்க்கவில்லை.

"பலகை போனாப் போகுது. எங்க ஊட்டுப் பொம்பளைகிட்டப் பொய் சொன்னீங்களே. அவ மேல எத்தனை கோவிச்சுக்கிட்டேன் தெரியுமா? போங்க தம்பி. என்னால முடியாது."

தனசேகருக்கு வார்த்தை காதில் விழவில்லை, ஆனால் கை காட்டிய திசை தெரிந்தது. வெளியே போனார். உடனே பஸ் ஏறவில்லை. பட்டறைக்கு எதிரே தையல்கடைப் படியில் உட்கார்ந்துகொண்டார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். கெஞ்சவில்லை, அழவில்லை, சும்மா பட்டறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கௌசியாதான் புருஷனிடம் சொன்னார்.

"அந்த ஆளு என்கிட்டத்தானே பொய் சொன்னாரு? எனக்கே கோவம் போயிருச்சு. உங்களுக்கு என்ன?"

நசுருல்லாவிடம் நன்றாகக் காய்ந்த பலகை ஒன்று இருந்தது. ஏற்காட்டுக்காரர் ஒருவர் சொல்லி வைத்துவிட்டு வராமலே போனது. ஆனால் அகலம் குறைவு. பெரிய வயிறு வைக்க முடியாது, கனமான சத்தம் அந்த அளவுக்கு வராது. இதைச் சொல்ல அவர் கத்தினார், கை காட்டினார், கடைசியில் இரண்டு கிட்டார்களைத் தரையில் சாக்பீஸால் வரைந்தார். பெரிதை அடித்துவிட்டுச் சின்னதைத் தொட்டார். தனசேகர் தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

வேலை மாசிவரை இழுத்தது. நசுருல்லா தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். பலகையைத் தாங்குமளவுக்கு மெலிதாக இழைத்தார். பலகைக்கு அடியில் ஒட்டும் உள்கட்டைகளைச் செதுக்கிக் குறைத்தார். மற்ற வேலைகளைத் தள்ளி வைத்தார். அதற்குள் தனசேகருக்கு லாரி ஹாரன் போய்விட்டது. தனியாக ரோட்டைக் கடக்கக்கூடாது என்று ராசாத்தி சொல்லிவிட்டாள். கிட்டாரை வாங்கப் போன அன்று அவளும் கூடப் போனாள். சேலம் பஸ் ஸ்டாண்டில் அவர் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கிட்டார் தேன் நிறத்தில் இருந்தது. நசுருல்லா சுருதி சேர்த்துக் கொடுத்தார். தனசேகர் மடியில் வைத்து வாசித்தார். விரல்கள் மறக்கவில்லை. முதல் தட்டிலேயே கௌசியா கதவருகே வந்து நின்றுவிட்டார். தையல்காரர் மெஷினை நிறுத்தினார். அப்படி ஒரு நாதம். வாசிக்கிறவர் முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

அவர் தாடையைக் கிட்டாரின் தோளில் அழுத்திக்கொண்டார். ஒவ்வொரு தந்தியாகத் தட்டினார். மெல்லியது இல்லை. அடுத்தது இல்லை. அடுத்ததும் இல்லை. கடைசியாக எல்லாவற்றிலும் தடித்த தந்தியைத் தட்டியபோது நிமிர்ந்தார். மறுபடி தட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பாய், இது ஒண்ணு வருதுங்க. வருதுங்க பாய்!" சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கொஞ்ச நேரம் அதையே தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மற்ற ஐந்தையும் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் கோணியது.

"மத்த அஞ்சையும் கழட்டிப்போடுங்க பாய்."

நசுருல்லா வேண்டாம் என்று கையசைத்தார்.

"கழட்டுங்க! கேக்காததை எதுக்குங்க கையில வெச்சுட்டு நிக்கறது? அது அங்க பேசுது, எனக்கு மட்டும் கேக்கலைன்னு தினமும் பாத்துட்டு இருக்கோணுமா? என்னால ஆகாதுங்க. கழட்டுங்க!"

சொல்லும்போதே அழுதுவிட்டார் தனசேகர். மாதக்கணக்கில் இழைத்த கைகளால் நசுருல்லா தந்தி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தார். முதல் தந்தியில் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ராசாத்தி எழுந்துவந்து தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க பாய்," என்றாள். "அவருக்குக் கேக்காட்டிப் போவுது. எனக்குக் கேக்குதுங்க."

தனசேகர் அவள் வாய் அசைவதைத்தான் பார்த்தார்.

"என்ன பாய்? என்ன சொல்றா?"

நசுருல்லாவால் அதைக் கத்திச் சொல்ல முடியவில்லை. குறட்டைக் கீழே வைத்தார். தனசேகர் மறுபடியும் கேட்டார். ராசாத்தி அவருடைய விரலைப் பிடித்து, இருப்பதிலேயே மெல்லிய தந்தியின்மேல் கொண்டுபோய் வைத்தாள்.